பத்துக்குப் பத்து

வேலூர்
6-8-1984

அண்ணனுக்குக் கஸ்தூரி எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசில்லை. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த வலது கையில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இது இடது கை எழுத்து. கோழி கிளறின மாதிரி இருந்தாலும் தலைமை ஆசிரியரான நீங்கள் கஷ்டப்பட்டுப் படித்துத்தான் ஆக வேண்டும். விஷயம் உங்கள் மகளைப் பற்றியது.

நேற்று இன்ஸ்பெக்டர் வேடியப்பன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் தோலில் குஷ்டத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பவர். உங்கள் பள்ளியைப் பற்றி ஒரே புகழ்ச்சி. இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளையும் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, நீங்களே கூட நின்று நடத்திக் கொடுத்தீர்களாம். அனுப்ப மறுத்த வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசி, பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்தீர்களாம். "சார் மாதிரி பத்துப் பேர் இருந்தா எங்க வேலை பாதி கம்மியாயிடும்மா" என்றார். அப்புறம் போகிற போக்கில், அன்றைக்கு வராத பிள்ளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் சார் பொண்ணுதான், ஜுரமாம் என்றார்.

மே மாதம் நீங்கள் வள்ளியை இங்கே கூட்டி வந்தபோது, எனக்குக் கொய்யாப்பழம் நீட்டின அவளுடைய இடது முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெளுத்திருந்தது. அன்றே உங்களிடம் சொன்னேன். "பாக்கறேன்" என்றீர்கள். பார்த்த லட்சணம் இதுதானா? ஊரார் பிள்ளைகளின் முதுகெல்லாம் வெயிலில் நிற்க வேண்டும், உங்கள் பிள்ளை மட்டும் போர்வைக்குள் படுத்திருக்க வேண்டுமா?

அது வெறும் தேமலாகவே இருக்கட்டும். இருந்தால் மாரியம்மனுக்கு நான் பொங்கல் வைக்கிறேன். ஆனால் அதைத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது புது மாத்திரை வந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே சாப்பிட்டால் ஆறு மாசத்தில் தீர்ந்துவிடும், விரல் மடங்காது. எனக்கு எல்லாம் முற்றின பிறகுதான் தெரிந்தது. வள்ளிக்குப் பத்து வயசுதான். புதன்கிழமை தோறும் டவுனில் இதற்கென்று கிளினிக் நடக்கிறது, அழைத்துப் போங்கள்.

கஸ்தூரி


வேங்கிக்கால்
14-8-1984

தங்கை கஸ்தூரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மற்ற விஷயங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

வள்ளிக்கு இருப்பது தேமல். உன் அண்ணி ராஜம்மாள் அவளைக் கீழ்பென்னாத்தூர் வைத்தியர் கண்ணாயிரத்திடம் காட்டினாள். அவர் கொடுத்த பூச்சு மருந்தைத் தினமும் தடவி வருகிறாள். இப்போது நன்றாகக் கம்மியாகியிருக்கிறது. சோதனை நாளில் குழந்தைக்கு ஜுரம் இருந்தது. ஒரு தலைமை ஆசிரியர் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது, ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த கவரில் கடிதம் அனுப்பாதே என்று பல முறை சொல்லிவிட்டேன். நீ பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்ப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். தபால்காரர் இருசப்பன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெங்களூர் என்றீர்களே, வேலூர் முத்திரை இருக்கிறதே என்று ராஜம்மாளிடம் கேட்டிருக்கிறார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோபத்தில் நீ பலதையும் மறந்துவிடுகிறாய். கணவனை இழந்து வந்த உன்னை ஏழு வருஷம் என் வீட்டில் வைத்திருந்தேன். கையில் புண் வந்தவுடன் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கிளினிக் வரிசையில் ஒரு தடவை நின்றால் போதும், தேமலோ படையோ, ஊர் அதற்கு ஒரே பெயர்தான் வைக்கும். பெற்றவன் கவலை உனக்குப் புரியாது.

இனி எழுதுவதானால் வெறும் வெள்ளைக் கவரில் எழுதவும்.

இப்படிக்கு,
க. கோதண்டராமன்


தபால் கார்டு
வேலூர், 18-8-1984

அண்ணனுக்கு,

அச்சடித்த கவர் வேண்டாமென்றீர்கள். இதோ, கவரே இல்லை. தபால்கார இருசப்பன் அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், நான் பெங்களூரில் இல்லை. எனக்குக் குஷ்டம். வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மருந்து சாப்பிடுகிறேன், என்னிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையும் நிமிர்ந்து வருகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததுதான் வெட்கம்.

அண்ணா, நான் சொன்ன காரியத்தை இந்த மாதத்துக்குள் முடியுங்கள். யாரை, எங்கே என்று கார்டில் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். முடிக்காவிட்டால் அடுத்த கார்டு பள்ளிக்கூட விலாசத்துக்கு வரும்.

கஸ்தூரி


வேங்கிக்கால்
30-8-1984

கஸ்தூரிக்கு,

உன் கார்டை இந்த ஊரில் படிக்காதவர்கள் நானும் ராஜம்மாளும்தான் என்று நினைக்கிறேன். எங்கள் கைக்கு அது கடைசியாகத்தான் வந்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்று மூன்று வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்துச் சம்பாதித்த பெயரை ஒரு கார்டில் கவிழ்த்துவிட்டாய். சந்தோஷமா?

இருந்தாலும் உன் வாயை மூட வேண்டுமே. நேற்றுப் புதன்கிழமை வள்ளியைக் கீழ்பென்னாத்தூர்க் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டவுனில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் அங்கே போனேன். புளியமரத்தடியில் மேஜை போட்டுப் பார்க்கிறார்கள். புதிதாக வந்த ஒரு இளைஞர், வரிசையோ நீளம். வள்ளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கையில் பத்து இடத்தில் தொட்டு, தொட்ட இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னார். வெளுத்த இடம் உட்படப் பத்தையும் சரியாகக் காட்டினாள். பத்துக்குப் பத்து. உணர்ச்சி நன்றாக இருக்கிறது, தேமலாகத்தான் இருக்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இத்துடன் இந்தப் பேச்சு முடிந்தது. இனி கடிதமும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

க. கோதண்டராமன்


வேலூர்
5-9-1984

அண்ணனுக்கு,

பத்துக்குப் பத்து என்று படித்ததும் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் தங்கம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்களை இவ்வளவு திட்டிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம்கூடத் தொடங்கினேன்.

அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். குழந்தைக்கு நோயில்லை என்று தெரிந்த தகப்பன் நிம்மதி அதில் இல்லை. இன்ஸ்பெக்ஷன் நல்லபடியாக முடிந்த வாத்தியாரின் சந்தோஷம்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஐந்தாவது படித்தபோது நீங்கள் எங்கள் பள்ளிக்கு வாத்தியாராக வந்தீர்கள். கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்றதும் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினீர்கள். அவர் என்ன கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நீங்கள் வலது கைகளாகப் பார்த்து எழுப்பினீர்கள். நான் அன்றைக்கு ஐந்து கணக்குக் கேள்விக்கும் இடது கை தூக்கினேன். அதிகாரி எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எழுதிவிட்டுப் போனார். நீங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு அந்தக் கணக்கு இன்று வரை வரவில்லை.

இப்போது கேட்கிறேன். கிளினிக்குக்குப் போவதற்கு முன்னால் வள்ளியிடம் என்ன சொன்னீர்கள்? வருஷா வருஷம் உங்கள் பள்ளி வாசலில்தான் இந்தச் சோதனை நடக்கிறது. பஞ்சு எப்படி வரும், எங்கே தொடும் என்று உங்களுக்குத் தெரியாதா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். இன்றைக்கு ஆசிரியர் தினமாம், வார்டு ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கஸ்தூரி


வேங்கிக்கால்
10-12-1984

கஸ்தூரி,

நீ கேட்ட கேள்விக்கு மூன்று மாதம் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தீபத்தன்று வாசலில் இரண்டு வரிசையாக அகல் வைத்திருந்தோம். மலையில் தீபம் தெரிந்ததும் தெருவே அண்ணாந்து பார்த்து அரோகரா போட்டது. வள்ளி இடது கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு, பின்வரிசை அகல்களுக்கு மேல் குனிந்திருந்தாள். அவளும் மலையைப் பார்த்தாள். முன்வரிசைச் சுடர் அவள் முன்கையில் பட்டுக்கொண்டிருந்தது. தோல் பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுக்கும்வரை அவள் சிரித்துக்கொண்டே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த இடத்தில்தான் தீக்காயம். "எதுக்குப்பா இழுத்த, எண்ணெய் கொட்டிடுச்சு" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

நீ நினைத்தது சரி. கிளினிக்குக்கு முன்னால் ஒரு வாரம் பழக்கினேன். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சு. கண்ணை முழுசாக மூடாதே, இமைக்கு நடுவில் கொஞ்சம் இடம் விடு, பஞ்சு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன். தப்பாகக் காட்டினபோது தலையில் குட்டினேன். அப்போதே எனக்குத் தெரியும் கஸ்தூரி. வெளுத்த இடத்தில் மட்டும்தான் குட்டு வாங்கினாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொல்வதில் அர்த்தமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலில் நீ உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி நிற்பாயே. மற்றவர்கள் சுட்டதும் உதறுவார்கள், நீ கட்டி கரையும்வரை அசைய மாட்டாய். அம்மன் அருள் என்று சனங்கள் உன் காலில் விழுந்தார்கள். எனக்கும் அது பெருமையாக இருந்தது. 1979 ஆடியில் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், இது அருள் இல்ல. அந்தம்மா கையில உணர்ச்சி செத்துப் போயிருக்குது. உடனே இட்டுனு வாங்க" என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வருவதற்குள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் மாற்றலாகிப் போனார். உன்னை நான் ஆஸ்பத்திரியில் சேர்த்தது 1982-ல்.

வள்ளியை மறுபடி அழைத்துப் போனால், போன தடவை எப்படிப் பத்தும் சரியாக வந்தது என்று கேட்பார்கள். என்ன சொல்வது? ராஜம்மாள் வேண்டாமென்று அழுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ சொல்.

அண்ணன்


வேலூர்
14-12-1984

கோதண்டராமனுக்கு,

நீங்கள் என்று எழுத இனி எனக்கு வராது.

1979-ல் எனக்கு இருபத்தொன்பது வயசு. பத்து விரலும் நேராக இருந்தது. ஊசியில் நூல் கோப்பேன், பூ கட்டுவேன், வள்ளிக்குத் தலை பின்னுவேன். உன் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் இந்தக் கைதான். சீட்டைக் கிழித்துப் போட்ட பிறகும் மூன்று வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், கற்பூரத் தட்டை என் முன்னால் நீட்டினது நீ. தெரிந்தே நீட்டினாய்.

அது அருள் என்று நானும் நம்பினேன். புருஷன் போன பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கையில் புண் வந்தபோது, அம்மன் என்னை விட்டுப் போய்விட்டாளே, என்ன பாவம் செய்தேன் என்று ஒரு மண்டலம் விரதம் இருந்தேன். பட்டினி கிடந்த எனக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தாயே, அப்போதுகூட உனக்கு வாய் வரவில்லையா? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் இருக்கிற ஆத்திரத்தை எழுத இந்தக் காகிதம் போதாது, அதற்கு இப்போது நேரமும் இல்லை.

என்ன சொல்வது என்று கேட்கிறாய். நடந்ததைச் சொல். நான்தான் திருட்டுத்தனம் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல். மானம் போகும் என்றால் போகட்டும், உன் மானத்துக்கு என் கையைக் கொடுத்தாகிவிட்டது, அவள் கையையும் கேட்காதே.

வருகிற புதன்கிழமை போக வேண்டும். கீழ்பென்னாத்தூருக்கு ஒளிந்து போகாதே, டவுன் கிளினிக்குக்குப் போ. வள்ளியின் கண்ணைத் துணியால் கட்டச் சொல். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லலாம், யாரும் குட்ட மாட்டார்கள் என்று அவளிடம் சொல். அவளைச் சோதிக்கும்போது நீ வெளியே நில். அண்ணி அழுதால் அழட்டும். மே மாதம் நான் பார்த்தேன், இப்போது டிசம்பர். ஏழு மாசம் போய்விட்டது.

கஸ்தூரி


வேங்கிக்கால்
20-12-1984

கஸ்தூரி,

நேற்று டவுன் கிளினிக்குக்குப் போனோம். ராஜம்மாளும் கடைசி நேரத்தில் தலையை முடிந்துகொண்டு கூடவே வந்துவிட்டாள்.

வேடியப்பனே இருந்தார். வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், ரகசியமாகச் சொல்ல அங்கே இடமில்லை. போன தடவை பார்த்துப் பார்த்துக் காட்டச் சொல்லி நான்தான் பழக்கினேன் என்றேன். "சார், ஜூலைல நீங்க வீடு வீடாப் போயி இட்டாந்த பிள்ளைங்கள்ல மூணு பேருக்கு இருந்துது. அவங்க அப்பனுங்க பயந்தப்ப நீங்கதான் தைரியம் சொன்னீங்க. அந்த மூணும் இப்ப மாத்திரை முடிக்கப் போவுது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. என்னை அறைந்திருக்கலாம்.

வள்ளியின் கண்ணைக் கட்டினார்கள். நீ சொன்னபடி நான் வெளியே நின்றேன். முதுகிலும் ஒரு வெளுப்பு இருக்கிறதாம், நாங்கள் பார்க்கவே இல்லை. நரம்பு தடிக்கவில்லை, கைக்கு ஒன்றும் வராது, ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வள்ளி வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டாள். "பத்துல நாலு தெரியலயாம்ப்பா. நான் பெயிலா?" என்று கேட்டாள். தலையில் குட்டு விழும் என்று கையைத் தூக்கி மறைத்துக்கொண்டாள் கஸ்தூரி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன தடவையும் அவளுக்கு அந்த நாலு தெரியவில்லை. பத்துக்குப் பத்து வாங்க வைத்தது நான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை.

அண்ணன்


வேலூர்
27-12-1984

அண்ணா,

வள்ளி பிழைத்தாள். இது ஒன்று போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அது பொய், எனக்கு வேண்டும்.

கூடப் பிறந்தவர், விட்டுடு என்று தங்கம்மாள் சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. காலையில் எண்ணெய் தடவி இந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடும்போதெல்லாம் நீ கிழித்த சீட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. இதை மறைத்து, மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நானும் உன்னைப் போலத்தான்.

மாத்திரை ஒரு நாள் தவறினாலும் எனக்குத் தெரிந்துவிடும். பொங்கலுக்கு முன்னால் என்னை அனுப்பிவிடுகிறார்கள். வேங்கிக்காலுக்குத்தான் வருகிறேன், அது அப்பா கட்டின வீடு, எனக்கும் வீடுதான். எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று எதுவும் இருக்கக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லிவை. ஆறு மாசத்துக்கும் வள்ளிக்கு நானே மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்.

ஜனவரி பன்னிரண்டு, சனிக்கிழமை, பகல் பதினொரு மணி பஸ். வேண்டுமென்றுதான் அந்த நேரத்தைச் சொல்கிறேன், சந்தைக் கூட்டம் முழுக்க அப்போதுதான் டவுன் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். நீ வந்து நிற்க வேண்டும். நான் இறங்கினதும் இந்தக் கையைப் பிடி. தேரடித் தெரு வழியாக, பிடித்த கையை விடாமல் நடந்து வா. வழியில் யாராவது யார் இது, என்ன கை இது என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டும், நான் பேச மாட்டேன்.

கஸ்தூரி